மாட்டுக்குச் சுடும் குறியில் இருந்து தொடங்குங்கள்

கல்முனைப் பக்கத்திலிருந்து நுண்கலை படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: மனிதருக்கும் விலங்குக்கும் உள்ள உறவைக் கலையும் வடிவமைப்பும் எப்படி ஆராய்கின்றன? இறுதி வருடக் கண்காட்சிக்கு இதைத்தான் எடுத்திருக்கிறாராம். பதினைந்து யானை ஓவியங்கள் வரைந்து முடித்துவிட்டார். வந்து பார்ப்பவர்கள் "வடிவா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், என்ன குறை என்று பிடிபடவில்லை என்கிறார். முதல் கேள்விக்குக் கலை வரலாற்றுப் புத்தகங்களில் பதில் கிடைக்கும். பிள்ளை உண்மையில் கேட்பது வேறு. விலங்கை வரையத் தெரிந்துவிட்டது, உறவை வரைவது எப்படி என்பதுதான் கேள்வி.

நான் முப்பது வருடத்துக்குக் கிட்டப் பள்ளிக்கூடங்களில் சித்திரம் படிப்பித்தவன். அப்பா மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மாட்டுப்பட்டி வைத்திருந்தவர். ஆகவே மாட்டைப் பற்றி நான் எழுதுவது கையால் அறிந்தது. யானையைப் பற்றி எழுதுவது வயல்காரர்கள் சொன்னதும் ஆய்வாளர்கள் எழுதியதும்தான். இரண்டையும் ஒரே நிறையில் எடுக்கவேண்டாம்.

மனிதர் வரைந்த மிகப் பழைய படங்களில் விலங்குகளே அதிகம். பிரான்சில் 1994இல் கண்டுபிடித்த சோவே குகையில் சிங்கமும் காண்டாமிருகமும் குதிரையுமாக நூற்றுக்கணக்கான உருவங்கள் இருக்கின்றன. முப்பதாயிரம் வருடங்களுக்கு மேற்பட்டவை. முழு மனித உருவம் ஒன்றுகூட அங்கே இல்லை. வேட்டைக்கான மந்திரம், சடங்கு, கதை சொல்லல் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள், எதையும் நிரூபிக்க வழியில்லை. யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். நம்முடைய நாட்டுக் கதை வேறு. இலங்கையின் பூர்வகுடிகளான வேடர் பற்றி ஆய்வாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் பாறைக்குகைச் சித்திரங்களைப் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆண்கள் வேட்டைக்குப் போய்த் திரும்பும்வரை காத்திருந்த பெண்கள் சாம்பலை எச்சிலில் குழைத்து விரலால் தீட்டியவை அவை. மந்திரம் தந்திரம் என்று ஊகிக்கத் தேவையே வரவில்லை, ஏனென்றால் வரைந்த சமூகத்திடமே கேட்டார்கள். காத்திருக்கும் நேரத்தில் வரைந்தது என்பது எனக்கு எந்த மந்திர விளக்கத்தையும்விடப் பிடித்திருக்கிறது. வீட்டுக்காரர் எதன் பின்னால் போயிருக்கிறாரோ அதைத்தானே பாறையில் வரையத் தோன்றும்?

உருவம் ஒருமுறை பிடித்துப்போனால் அது உயிரையே தள்ளி வைத்துவிடும். அதற்கு நம்முடைய வாவியே சாட்சி. 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் தெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, வாவியில் கேட்கும் ஒலியைப் பற்றி மீனவர்களிடம் விசாரித்தார். அவர்கள் மீன் என்று சொல்லவில்லை. ஊரி என்றார்கள், அதாவது ஓட்டுக்குள் வாழும் நத்தை வகை. அதைத்தான் அவர் எழுதி வைத்திருக்கிறார். நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒலி உண்டு. எந்த உயிர் எழுப்புகிறது என்பது இன்னும் அறுதியாகத் தீர்க்கப்படவில்லை. ஆனால் நமக்கு அந்தத் தீர்வு வேண்டியிருக்கவும் இல்லை. ஊரி போய் மீன் வந்தது, மீனுக்குப் பெண்ணின் மார்பும் கூந்தலும் முளைத்தன. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள்கூட, 1947இல் வெளியான யாழ் நூலில், அந்த ஒலியை நீரர மகளிரின், அதாவது நீரில் வாழும் தெய்வப் பெண்களின் பாட்டாகத்தான் கேட்டார். நான் அதைக் குறை சொல்லவில்லை, அழகான கற்பனை. ஆனால் வாவியோரத்தில் கடற்கன்னியை வரையச் சொன்னால் நாற்பது பிள்ளைகளும் வரைவார்கள். ஊரியை வரையச் சொன்னால் இரண்டு பேர்தான் பேனையை எடுப்பார்கள், அந்த இரண்டு பேரும் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகளாக இருப்பார்கள்.

ஐரோப்பாவில் டூரர் என்ற ஜெர்மன் ஓவியர் செய்ததும் இதுதான். 1515இல் குஜராத் சுல்தானிடமிருந்து வந்த காண்டாமிருகம் ஒன்று லிஸ்பனில் இறங்கியது. டூரர் அதைப் பார்க்கவேயில்லை. யாரோ அனுப்பிய கடிதத்தையும் கோட்டுப்படத்தையும் வைத்து மரச்செதுக்குப் படம் செய்தார். கவசம் போட்டதுபோல் தோல், முதுகில் ஒரு சின்னக் கொம்பு வேறு. இருநூறு வருடத்துக்கு மேல் ஐரோப்பியருக்குக் காண்டாமிருகம் என்றால் அந்தப் படம்தான். அசல் விலங்கோ அடுத்த வருடமே போப்பாண்டவருக்குப் பரிசாகக் கப்பலில் போகும்போது கடலில் மூழ்கிச் செத்துவிட்டது.

இதற்கு நேர்மாறான கதை கொக்கட்டிச்சோலையில் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் வேறொரு கோணத்தில் சொல்கிறேன். தான்தோன்றீஸ்வரர் கோயிலை இடிக்க வந்த பறங்கித் தலைவன் வாசலில் கிடந்த கல்நந்தியைக் காட்டி "இது புல் தின்னுமா?" என்று நக்கலாகக் கேட்டான், நந்தி எழும்பிப் புல்லைத் தின்று சாணமும் போட்டது, வந்தவர்கள் வெருண்டு ஓடினார்கள் என்பது ஊர் சொல்லும் கதை. வரலாறு என்று நான் இதை வைக்கவில்லை. ஆனால் ஒரு சித்திர ஆசிரியனாக எனக்கு இதில் பிடித்த இடம் சாணம். புல்லைத் தின்றதோடு அற்புதம் முடிந்திருக்கலாம். மாடு வளர்த்த சனம் அதோடு விடவில்லை. தின்றால் சாணம் போடவேண்டும், போடாவிட்டால் அது மாடு இல்லை. சிலையைச் சின்னமாக மட்டும் பார்த்த ஆளுக்கு, சின்னத்துக்கு உள்ளே இருந்த மாட்டை எழுப்பிக் காட்டிய கதை இது. உங்கள் பதினைந்து யானைகளும் சாணம் போடாத யானைகள் என்பது என் சந்தேகம்.

சரி, மாட்டுக்கு வருவோம். பட்டி வைத்திருந்தவர்களுக்குக் குறிசுடுதல் தெரியும், சூடான கம்பியால் மாட்டின் தோலில் அடையாளம் போடுவது. குடிக்குக் குடி, வீட்டுக்கு வீடு குறி வேறு. மேய்ச்சல் தரையில் நாலு பட்டி கலந்தால் எது யாருடையது என்பதைத் தொடையில் உள்ள குறிதான் சொல்லும். 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்திலும் மாட்டுக்குக் குறியிடுவதும் பதிவும் இருக்கின்றன. இப்போது காதில் மஞ்சள் இலக்கத்தகடு வந்துவிட்டது. நான் சின்னப் பையனாக இருந்தபோது விடியற்காலையிலேயே விறகை அடுக்கி நெருப்பு மூட்டி, குறிக்கம்பியை அதற்குள் செருகி வைப்பார்கள். கன்றை இரண்டு பேர் காலில் கயிறு போட்டுச் சாய்ப்பார்கள், ஒருவர் கழுத்தில் முழங்காலை ஊன்றிக்கொள்வார். அப்பா கம்பியை எடுத்ததும் நேரே கன்றிடம் போகமாட்டார். முதலில் ஒரு காய்ந்த கட்டையில் வைத்துப் பார்ப்பார், சூடு கூடிவிட்டால் காற்றில் கொஞ்சம் பிடிப்பார். தோலில் வைத்ததும் முதலில் மயிர் பொசுங்கும் மணம் வரும், பிறகு தோலின் மணம். இரண்டும் வேறு வேறு. இரண்டாவது மணம் வந்த அந்த நொடியிலேயே கையை எடுத்துவிடவேண்டும். அதற்குப் பிறகு தேங்காய் எண்ணெய் தடவிக் கயிற்றை அவிழ்ப்பார்கள். கன்று ஓடிப்போய்த் தாயின் மறுபக்கத்தில் ஒளிந்துகொண்டு நம்மைப் பார்க்கும்.

எட்டோ ஒன்பதோ வயதிருக்கும் எனக்கு. படம் வரையத் தெரியும் என்ற திமிரில் எங்கள் பட்டிக்கு ஒரு புதுக்குறி வரைந்து அப்பாவிடம் காட்டினேன். வட்டத்துக்குள் ஒரு தாமரை. அப்பா சிரிக்கவில்லை. "வட்டத்த மூடினா உள்ளுக்க இருக்கிற தோல் அவிஞ்சி போகும் மகன், ஒரு பக்கம் தொறந்து விடு. இதழெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிரும்" என்றார். அதுதான் நான் படித்த முதல் வடிவமைப்புப் பாடம். கம்பியில் கோடுகள் சந்திக்கும் இடத்தில் சூடு கூடும், அங்கே புண் ஆழமாகும். மூடிய வடிவத்துக்குள் உள்ள தோல் வீங்கிக் குறி கலங்கிப்போகும். கன்று வளர வளரக் குறியும் விரியும். ஆகவே நல்ல குறி என்பது திறந்த வளைவுகளும் அகன்ற இடைவெளியும் கொண்டது. ஏட்டில் எழுத்து வட்டமானதற்கு ஓலை காரணம் என்று படித்திருப்பீர்கள். இங்கே வடிவத்தைத் தீர்மானித்தது உயிருள்ள ஒரு தோல். வலித்தது என்பதும் உண்மை. வலிக்கவில்லை என்று சொல்லும் பட்டிக்காரரை நம்பாதீர்கள். என் அப்பா அப்படிச் சொன்னதில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு என் மாணவன் ஒருவன் இதே காட்சியை வரைந்து ஒரு கண்காட்சிக்குக் கொடுத்தான். "கொடூரமாக இருக்கிறது, பிள்ளைகள் பார்க்கிற இடம்" என்று ஏற்பாட்டாளர்கள் கழற்றச் சொன்னார்கள். மதியம் எல்லோருக்கும் கோழிப் புரியாணி வந்தது.

வகுப்பில் நான் கண்ட ஒரு விடயத்தையும் சொல்லவேண்டும். மாடு வரையச் சொன்னால் அநேகமான பிள்ளைகள் பக்கவாட்டில் நிற்கும் பாடப்புத்தக மாட்டைத்தான் வரைவார்கள், இரண்டு கொம்பும் ஒரே பக்கம் தெரியும். பட்டி உள்ள வீட்டுப் பிள்ளை மட்டும் இடுப்பெலும்பைப் போடும், ஏனென்றால் அது மாட்டைப் பின்னாலிருந்து பார்த்த பிள்ளை. காட்டோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒரு பையன், "நான் கண்ட யானை" என்ற தலைப்புக்கு யானையே போடவில்லை. சுவரில் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு உள்ளே கிழிந்த நெல்மூட்டை, கட்டிலுக்குக் கீழே நாலு சோடிக் கண்கள். யானை எங்கே என்று கேட்டேன். "இருட்டு சேர்" என்றான். நான் பார்த்த யானைப் படங்களில் அதற்கு இணையாக எதையும் சொல்ல எனக்கு வராது.

நவீன கலையில் இந்த விடயத்துக்கு எல்லோரும் இரண்டு பெயர்களைச் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டுப் போகிறேன். 1974இல் ஜோசப் பொய்ஸ் என்ற ஜெர்மன் கலைஞர் நியூயோர்க்கில் ஒரு காட்சிக்கூடத்தில் உயிருள்ள கொயோட்டி என்ற ஓநாய் இனத்தோடு மூன்று நாள் அடைந்து கிடந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கைத்தடியோடு ஏதேதோ செய்தார், அதற்கு அவர் கொடுத்த விளக்கங்கள் நீளமானவை. எனக்குப் பிடித்தது கொயோட்டி செய்தது. தினமும் கொண்டுவந்து வைத்த பங்குச்சந்தைப் பத்திரிகையின் மேல் அது மூத்திரம் பெய்தது. டேமியன் ஹெர்ஸ்ட் 1991இல் ஒரு புலிச்சுறாவைப் போர்மலின் தொட்டிக்குள் வைத்தார். அது கெட்டுப்போகப் பிறகு வேறொரு சுறாவைப் பிடித்து மாற்றினார்கள். கல்லாறு, வாழைச்சேனை மீன்சந்தைகளில் வளர்ந்த நமக்கு அதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. விலைதான் அதிர்ச்சி.

வடிவமைப்புக்கு வந்தால் நிலைமை வேறு. ஓவியம் பிழைத்தால் விலங்குக்குத் தெரியாது. வேலி பிழைத்தால் அன்று இரவே தெரிந்துவிடும். 2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. நாட்டின் ஏறத்தாழ 60 வீத நிலப்பரப்பில் யானை நடமாடுகிறது, அந்தப் பரப்பில் 70 வீதமளவில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோ குழுவினர் காட்டியிருக்கிறார்கள். அதாவது "காடு அவர்களுக்கு, ஊர் நமக்கு" என்ற வரைபடமே பிழை. மின்வேலிகளில் பெரும்பகுதியை அந்த வரைபடத்தை நம்பித்தான் போட்டார்கள். ஒரு திணைக்களத்தின் காடு முடிந்து இன்னொரு திணைக்களத்தின் காடு தொடங்கும் எல்லையில் கம்பி ஓடும், இரண்டு பக்கமும் யானை நிற்கும். பெர்னாண்டோ குழு வேலியைத் திருப்பிப் போட்டது. யானையை அடைப்பதை விட்டு, ஊரையும் வயலையும் சுற்றி அடைத்தார்கள். வயல் வேலி பயிர் நிற்கும்வரைதான். அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள், யானை வந்து தாளடியை மேய்ந்துவிட்டுப் போகும். வயல்காரர்களே பராமரிக்கவேண்டும் என்பதும் அந்தத் திட்டத்தில் ஒரு பகுதி.

இந்த வேலியில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட், ஆனால் நொடிக்கு ஒரு துடிப்பாக மிகச் சிறிய நேரம் மட்டும். யானை திடுக்கிடும், சாகாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பவர்கள் போடும் வேலி கொல்லும், யானையையும் கொல்லும், அடுத்த வீட்டு மனிதனையும் கொல்லும், சட்டவிரோதமும் கூட. யானை இந்த வேலியைப் படிக்கும். தந்தம் உள்ளது தந்தத்தால் கம்பியை நெம்பும், மரத்தைத் தள்ளி மேலே சாய்க்கும், கட்டையை முறிக்கும். நாம் ஒன்று வரைந்தால் யானை திருத்தி அனுப்பும் என்று வயல் வேலைகளை மேற்பார்க்கும் ஒரு வட்டவிதானை சொன்னார். கென்யாவில் லூசி கிங் என்ற ஆய்வாளர் தேன்கூடுகளைக் கம்பியில் தொங்கவிட்டு வேலியாக்கினார், ஆபிரிக்க யானை தேனீக்கு அஞ்சி விலகியது. இலங்கையிலும் முயன்றிருக்கிறார்கள். நமது தேனீ அந்தளவு முரடு இல்லை, ஆகவே அங்கே கிடைத்த பலனை இங்கே அப்படியே எதிர்பார்க்கக்கூடாது.

விலங்கை நன்றாக அறிந்துகொள்வது எப்போதும் நன்மைக்குத்தான் என்று நினைத்துவிடவேண்டாம். ஹக்கபட்டாஸ் தெரியும்தானே, பூசணிக்காய்க்குள் வைத்து விலங்கு கடித்ததும் வாயைக் கிழிக்கும் வெடி. அதைச் செய்தவனுக்கு யானைக்கும் பன்றிக்கும் எது பிடிக்கும், எப்படிக் கடிக்கும், எவ்வளவு பலமாகக் கடிக்கும் என்பதெல்லாம் தெரியும். அதுவும் வடிவமைப்புத்தான். அமெரிக்காவின் கால்நடை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டின் அம்மையார் மாட்டின் கண்மட்டத்துக்குத் தவழ்ந்து போய்ப் பார்த்து, தொங்கும் ஒரு சங்கிலியும் தரையில் விழும் ஒரு வெளிச்சப் பட்டையும் மாட்டை மிரட்டுகின்றன என்று கண்டுபிடித்தார். வளைந்த பாதைகளை வரைந்தார், மாடுகள் பதறாமல் நடந்தன. நடந்தது இறைச்சித் தொழிற்சாலைக்குள். அவரைக் கருணை மிக்கவர் என்பவர்களும் உண்டு, கொலையை இலகுவாக்கியவர் என்பவர்களும் உண்டு. நான் முதல் பக்கம். மாடு இறைச்சிக்குப் போகத்தான் போகிறது என்றால் பயமில்லாமல் போகட்டும் என்று நினைக்கிறேன், பட்டியில் பிறந்தவனின் நியாயம் அது.

யாரும் விலங்குக்கென்று திட்டமிடாமலே செய்துவிட்ட வடிவமைப்பும் உண்டு. உங்கள் மாவட்டத்திலேயே, அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேடு. 2022 ஜனவரியில் அங்கே இரண்டு யானைகள் செத்துக் கிடந்தபோது, எட்டு வருடத்தில் ஏறத்தாழ இருபது யானைகள் பிளாஸ்டிக் தின்று இறந்ததாகச் செய்தி வந்தது. வயிற்றில் இருந்தவை சொப்பிங் பேக்கும் உணவு சுற்றிய தாளும் போன்றவை. அந்தப் பையை வடிவமைத்தவன் மீன் குழம்பு ஒழுகக்கூடாது என்று மட்டும்தான் யோசித்தான். குழம்பின் உப்பும் மணமும் பையிலேயே தங்கும், அதை மோந்துகொண்டு ஒரு யானை வரும் என்பது அவன் வரைபலகையில் இல்லை.

ஆகவே உங்கள் கண்காட்சிக்கு நான் சொல்லக்கூடியது, யானையைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கள். மனிதக் கையும் விலங்கின் உடம்பும் தொட்டுக்கொண்ட ஒரு பொருளை எடுங்கள். துருப்பிடித்த குறிக்கம்பி, காதுத்தகடு, எருமை உரசி வழவழத்துப்போன பட்டிக் கட்டை, யானை வளைத்த வேலிக்கம்பி. படுவான்கரையிலும் தம்பிலுவில் பக்கத்திலும் இவை கேட்டால் தருவார்கள், விலைகூடக் கேட்கமாட்டார்கள். அதை அளந்து, அதே அளவில், பென்சிலால் வரையுங்கள். விலங்கு எந்த இடத்தில் தொட்டது என்பது வரையும்போது உங்களுக்கே தெரியவரும். அதற்குப் பிறகு பதினைந்து யானைகளில் ஒன்றிரண்டை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது நிற்கிறது, எது விழுகிறது என்று விளங்கும். உயிருள்ள விலங்கைக் காட்சிக்கூடத்துக்குள் கொண்டுவரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், பொய்ஸுக்கே அது அவ்வளவு பொருந்தவில்லை.

யானையைக் கட்டாயம் பார்த்தாகவேண்டும் என்றால் இரவில் காவல் பரணுக்குப் போகவேண்டாம், அழைப்பவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி. பெரும்போக அறுவடை முடிந்த பிறகு, பங்குனி வாக்கில், வயல்காரர் ஒருவரோடு பேசிவைத்துப் பகலில் வரம்போரமாக நடந்து போங்கள். தாளடியில் யானைக்கால் பதிந்த குழிகளில் தண்ணீர் நிற்கும், அதற்குள் சின்ன மீன்கள்கூட இருக்கும். பழைய வாளியில் சாந்து கொண்டுபோனால் அச்சு எடுக்கலாம். ஒரு காலடிக்கு ஒரு வாளி போதாது, இரண்டு கொண்டுபோங்கள்.